குளிர்கால ஏரிகளில் பறவை நோக்கல்: நீர்மட்டம், எண்ணிக்கை, பகிர்வு (விவாத இழை)

மதகுக்கரை:
பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பையொட்டி செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிகளுக்கு ஆறு பேர் கிளம்புகிறோம். நான்கு பைனாகுலர், ஒரு ஸ்கோப் (முக்காலித் தொலைநோக்கி), இரண்டு கேமரா இருக்கின்றன. இருவர் புதியவர்கள். கொக்கு, நாரை, நீர்க்காகம் வரை தெரியும், உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) தெரியாது. ஒரு காலைப்பொழுதில் மூன்று ஏரி என்று திட்டம். ஏரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆயிரக்கணக்கில் வாத்து நின்றால் எப்படி எண்ணுவது? இ-பேர்டு என்ற பறவைப் பதிவுச் செயலியில் எப்படிப் பதிந்தால் பின்னால் அது பயன்படும்? குழுவில் எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் அச்செடுத்து எல்லார் கையிலும் கொடுத்துவிடுவேன்.

உப்பங்கழி:
முதலில் ஏரித் தேர்வு. பெயர் பெற்ற ஏரி எது என்று பார்க்காதீர்கள், எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஜனவரி நடுவில்கூட ஏரிகள் கலங்கல் மட்டத்தில், அதாவது உபரிநீர் வழியும் அளவில்தான் நிற்கும். அப்போது நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, நாமக்கோழி, கூழைக்கடா எல்லாம் கிடைக்கும், உள்ளான் கிடைக்காது. கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் போனால் இரை தேட முடியாது. நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் சுமார் ஒரு சாண் ஆழம் வரை இறங்கும். ஆகவே நிறைந்த ஏரி ஒன்று, பாதி வற்றிய ஏரி ஒன்று, மூன்றாவதாக ஏரிக்குப் பதில் நவரைப் பருவ நெல்லுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல் என்று வைத்துக்கொண்டால் ஒரே காலையில் மூன்று வகைக் கூட்டமும் அமையும். பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, பொன்னிற உப்புக்கொத்தி மூன்றும் சேற்று வயலை விரும்பும்.

நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு படம், பத்து மீட்டர் துல்லியம். மேகம் மறைக்காத கடைசிப் படத்தை எடுத்து, ஏரியின் உள்வாய்ப் பக்கம் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்) ஈர மண் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஊரில் ஏரி நீரைப் பங்கிடும் நீர்க்கட்டி யாரையாவது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, மதகு எப்போது திறந்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்.

அடுத்தது வெளிச்சம். இந்தப் பக்கம் நிலத்தின் சாய்வு கிழக்கு நோக்கிப் போவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கில் இருக்கும், ஆழமும் அங்கேதான். ஆழம் குறைந்த உள்வாய் மேற்கில். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், நிறமெல்லாம் துல்லியமாகத் தெரியும். உள்ளான் நிற்கும் உள்வாய் மட்டும் தொலைவில் கிடக்கும், அதற்குத்தான் ஸ்கோப். மாலையில் உள்வாய்ப் பக்கமே போய்க் கிழக்கே பார்க்கலாம். காலையில் அந்தப் பக்கம் போய் நின்றால் எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு உருவம்தான்.

புதியவர்:
ஐயா, பழவேற்காட்டுக்கும் இதே கணக்கா? அங்கே ஏரிக்கு நடுவில் சாலை போகிறதே.

உப்பங்கழி:
சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையைத்தானே கேட்கிறீர்கள்? அது ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக ஏரியைக் குறுக்கே வெட்டுகிறது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கு வழியாகவே போவதால் சாலைக்கு வடபக்கம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம், தென்பக்கம் எதிர்வெளிச்சம். பூநாரைகள் எந்தப் பக்கம் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. தென்பக்கம் நின்றால் எண்ணிக்கைக்கு அந்தப் பார்வை போதும். ஆய்வாளர்கள் பறவையின் காலில் மாட்டிய மோதிரம், கொடி போன்றவற்றைப் படிக்க அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். சாலையில் வண்டி ஓட்டம் உண்டு, கதவைத் திறக்குமுன் பின்னால் பாருங்கள்.

கானல்:
நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பொங்கல் சமயம் சூரிய உதயம் ஆறரை மணி தாண்டித்தான். மார்கழி கடைசியிலும் தை தொடக்கத்திலும் ஏழு மணி வரை ஏரி மேல் பனி மூடி நிற்கும். ஐந்தரைக்கே கரையேறி இருட்டில் காத்திருப்பதில் பயனில்லை. ஆறே காலுக்கு இடத்தில் இருந்தால் போதும்.

முடிவு நேரம்தான் முக்கியம். ஒன்பதரை, பத்துக்கு மேல் மண் சூடேறிக் கானல் நடுங்க ஆரம்பிக்கும். ஸ்கோப்பில் அறுபது மடங்கு வைத்துப் பார்ப்பவர்களுக்கு அப்போது எல்லா உள்ளானும் ஒன்றுபோல் தெரியும். உருப்பெருக்கத்தை இருபது, இருபத்தைந்துக்கு இறக்குங்கள். படம் சிறிதாகும், விளிம்பு தெளியும். தரைமட்டத்துக் காற்றுதான் அதிகம் நடுங்கும் என்பதால் கரை உச்சியிலிருந்து பார்ப்பது கீழே இறங்கி நின்று பார்ப்பதைவிட நல்லது. அப்படியும் தெளியவில்லை என்றால் உள்ளான் வேலையை அன்றைக்கு நிறுத்திவிட்டு வாத்து, நாரை பக்கம் திரும்புங்கள். கானலில் கண்ட கால் நிறத்தை வைத்து இனம் சொல்லவே கூடாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பாதி வற்றிய ஏரி, அடுத்து சேற்று வயல், கடைசியில் நிறைந்த ஏரி. வாத்துகள் பகலில் நடு ஏரியில் மிதந்து ஓய்வெடுக்கும், பத்து மணிக்கும் அங்கேயே இருக்கும்.

பட்டியல்:
எண்ணிக்கைக்கு வருகிறேன், இதில்தான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன.

கூட்டம் பெரிதானால் மனிதக் கண் குறைத்தே எண்ணும். இரண்டாயிரம் நிற்கும் இடத்தில் எண்ணூறு என்று மனம் சொல்லும். அதைச் சரிசெய்யக் கட்டம் கட்டி எண்ணுங்கள். கூட்டத்தின் ஒரு ஓரத்தில் ஐம்பது பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது ஸ்கோப் பார்வையில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று மனதில் பதியுங்கள். பிறகு அந்த அகலத்தை இடமிருந்து வலமாக நகர்த்தி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கூட்டத்தின் நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரம் ஐதாகவும் இருக்கும் என்பதால் நடுவிலும் ஓர் ஐம்பதைத் தனியாக எண்ணி அகலத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று முறை. 1,800, 2,100, 1,950 என்று வந்தால் 1,950 என்று பதிந்து, குறிப்பில் மூன்றையும் எழுதுங்கள்.

ஒருவர் ஸ்கோப்பில் கண் வைத்து எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும். எண்ணுபவரே எழுதினால் கண் எடுத்த இடத்துக்குத் திரும்ப முடியாது. கேமரா வைத்திருக்கும் இருவரும் பறவை முகத்தை நெருக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டு, கூட்டத்தை அகலமாக, ஒரு படத்தின் கால் பங்கு அடுத்த படத்தில் வரும்படி தொடர்ச்சியாக எடுக்கட்டும். வீட்டில் கணினியில் புள்ளி வைத்து எண்ணினால் களத்து எண்ணோடு ஒப்பிடலாம். இரண்டு மூன்று முறை இப்படி ஒப்பிட்டாலே கண் பழகிவிடும்.

சேற்றுப் பூனைப்பருந்து ஏரி மேல் வந்தால் வாத்துகள் மொத்தமாக எழும்பி இடம் மாறும். எண்ணத் தொடங்கிய பின் அப்படி நடந்தால் பாதி எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறங்கியபின் முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய பாதியோடு புதிய பாதியைக் கூட்டினால் ஒரே பறவை இரு முறை வரும்.

புதியவர்:
எண்ணத் தெரியாதபோது எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ என்று போடலாம் என்று செயலியில் இருக்கிறதே?

பட்டியல்:
போடலாம், ஆனால் போடாதீர்கள். ‘எக்ஸ்’ என்றால் இருந்தது என்று மட்டும்தான் பொருள். ஐந்தா ஐயாயிரமா என்று யாருக்கும் தெரியாது. ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று, அந்த நீர்நிலை வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்குகிறதா என்பது. இன்னொன்று, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே வருகிறதா என்பது. இரண்டுக்கும் எண் வேண்டும். ஓர் ஏரியை நிரப்பிக் கட்டடம் கட்ட வரும்போது எதிர்த்து வைக்கும் மனுவிலும் எண்தான் பேசும். தோராயமான எண்ணும் ‘எக்ஸ்’ஸைவிடப் பல மடங்கு மேல், எப்படித் தோராயம் கட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

நாணல்:
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக்கருத்து. புதியவர்களை எண் போடச் சொன்னால் பயந்து 1,000, 5,000 என்று வட்ட எண்ணாக அள்ளி விடுகிறார்கள். பொய் எண்ணுக்கு ‘எக்ஸ்’ எவ்வளவோ தேவலாம் என்பது என் எண்ணம்.

பட்டியல்:
அதற்காகத்தான் கட்டம் கட்டும் முறையை முதலில் சொன்னேன், நாணல். முறையோடு வந்த 1,000 வேறு, வாய்க்கு வந்த 1,000 வேறு. புதியவர் இருவரையும் கொக்கு, நாரை, கூழைக்கடா எண்ண விடுங்கள். பெரியவை, ஒன்றிரண்டு நூறுக்குள் அடங்கும், ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். வாத்துக் கூட்டம் பழகியவர் கையில் இருக்கட்டும். அப்போது யாருக்கும் ‘எக்ஸ்’ தேவைப்படாது.

இனி இ-பேர்டு. ஒவ்வொரு ஏரிக்கும் தனிப் பட்டியல். இரண்டு ஏரியையும் வயலையும் ஒரே பட்டியலில் போட்டு முப்பது கிலோமீட்டர் என்று பதிந்தால் எந்தப் பறவை எங்கே என்று பிரிக்க முடியாது. நடந்துகொண்டே பார்த்தால் ‘பயணம்’, முப்பது மீட்டருக்குள் நின்ற இடத்திலேயே பார்த்தால் ‘நிலையானது’. கரையில் ஒன்றரை கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பினால் தூரம் ஒன்றரை என்றுதான் எழுத வேண்டும். செயலி தடத்தை வைத்து மூன்று என்று காட்டும், கையால் திருத்துங்கள். நேரத்தை மட்டும் திரும்பியதையும் சேர்த்தே போடுங்கள். ஒரு பட்டியல் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது.

கடைசியில் ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா’ என்று கேட்கும். காக்கை, மைனா, கரிச்சான் உட்பட எல்லாம் எழுதியிருந்தால் ஆம். அடையாளம் தெரியாத சில பறவைகள் விட்டுப்போனாலும் ஆம்தான். அரிய பறவை ஒன்றை மட்டும் பதிகிறீர்கள் என்றால் இல்லை. இந்த ‘ஆம்’ இருந்தால்தான் ஒரு பறவை அங்கே இல்லை என்பதும் தரவாகும். ஊசிவால் வாத்து ஓர் ஏரிக்கு வராமல் போனதை முழுப் பட்டியல்களைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும்.

ஆறு பேரும் ஆறு பட்டியல் போட வேண்டாம். ஒருவர் பதிந்து மற்ற ஐவருக்கும் பகிர்ந்தால் எல்லார் கணக்கிலும் ஏறும், எண்ணிக்கை ஒரு முறைதான் சேரும். குழு இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு கரையில் நடந்தால் மட்டும் இரண்டு பட்டியல். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காது, முந்தின இரவே அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பைச் செயலியில் இறக்கிவையுங்கள்.

மதகுக்கரை:
மிக்க நன்றி பட்டியல். உள்ளான்களை அடையாளம் காண்பது பற்றி யாராவது சொல்லுங்கள். புதியவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

உப்பங்கழி:
நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். குளிர்காலத்தில் எல்லாம் சாம்பலும் பழுப்பும்தான். உருவ அளவு, அலகின் நீளம், இரை தேடும் விதம், பிறகு கால் நிறம், பறக்கும்போது முதுகும் இறக்கையும். இந்த வரிசையில் போங்கள்.

அளவுக்கு அருகில் தெரிந்த பறவை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெடுங்கால் உள்ளான் எல்லா ஏரியிலும் இருக்கும், அதுவே அளவுகோல். கொசு உள்ளான் அதன் பக்கத்தில் மிகச் சிறியது, கறுப்புக் கால், சேற்றில் ஓடி ஓடித் தையல் இயந்திரம் போலக் கொத்தும். பச்சைக்கால் கொசு உள்ளான் அதே அளவு, வெளிர் மஞ்சள்பச்சைக் கால், மார்பு சீரான சாம்பல்பழுப்பு. குனிந்து மெதுவாகப் புல் ஓரமாகவே மேயும், பெருங்கூட்டமாக நிற்காது. சேறு ஒட்டினால் மஞ்சள் காலும் கறுப்பாகத் தெரியும் என்பதால் காலோடு நிறுத்தாமல் மார்பையும் பாருங்கள்.

பச்சைக்காலியும் சிறு பச்சைக்காலியும் அடிக்கடி குழப்பும். இரண்டுக்கும் பறக்கும்போது முதுகில் வெள்ளை ஆப்பு தெரியும். பச்சைக்காலியின் அலகு அடியில் தடித்து லேசாக மேல்நோக்கி வளையும். எழும்போது ‘ட்யூ ட்யூ ட்யூ’ என்று மூன்று முறை உரக்கக் கூவும். சிறு பச்சைக்காலியின் அலகு ஊசி மாதிரி நேர், உடல் மெலிவு, கால் ஒப்பளவில் நீளம், பறக்கையில் வாலைத் தாண்டி நன்றாக நீட்டித் தெரியும்.

பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெள்ளைப் புருவம், இறக்கை அடி வெளிர். அதே மாதிரி இருந்து, முதுகு கறுத்து, புருவம் கண்ணோடு நின்று, பறக்கையில் இறக்கை அடி கருமையாகத் தெரிந்தால் அது கருப்பு உள்ளான். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, தோள் முன்னே வெள்ளை ஆப்பு ஏறி நிற்பது சாதாரண உள்ளான். அது தண்ணீரை ஒட்டி விறைத்த இறக்கையைத் துடித்துத் துடித்துப் பறக்கும். ஸ்கோப் இல்லாமலே சொல்லிவிடலாம்.

கானல்:
விசிறிவால் உள்ளானையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. வயல் வரப்பில் காலடியில் எழும்பும்போது பலரும் பார்க்கும் முன்பே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

உப்பங்கழி:
சரியாகக் கேட்டீர்கள். விசிறிவால் உள்ளானுக்கு இறக்கையின் பின்விளிம்பில் தெளிவான வெள்ளைக் கோடு உண்டு. ஊசிவால் உள்ளானுக்கு அது இல்லை, இறக்கை அடியும் கருமை. தமிழ்நாட்டில் இரண்டும் குளிர்காலத்தில் வரும். எழும்பிய வேகத்தில் பின்விளிம்பைப் பார்க்க முடியாமல் போனால் ‘உள்ளான் வகை’ என்று பதியுங்கள், செயலியில் அதற்கு இடம் இருக்கிறது. சரியாகப் பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்பக் கலைப்பது கூடாது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வலசைக்குச் சேர்த்த கொழுப்பைத்தான் அது செலவழிக்கிறது.

கடற்கரைப் பக்கம் போனால் மணல் உப்புக்கொத்திகள் தனிப் பாடம். 2023-ல் சிறு மணல் உப்புக்கொத்தி சைபீரிய, திபெத்திய என்று இரண்டு இனமாகப் பிரிக்கப்பட்டது, நம் கரையில் பெரும்பாலும் திபெத்தியதுதான். பெரிய மணல் உப்புக்கொத்திக்கு அலகின் நீளம் அலகடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையான தூரத்தைவிட அதிகம். திபெத்தியதற்கு அதற்குச் சமம் அல்லது குறைவு. பக்கவாட்டில் ஒரு படம் இருந்தால் அளந்து பார்த்துவிடலாம்.

வடகாற்று:
பகிர்வு பற்றி நான் சொல்கிறேன். வாட்ஸாப் குழுவில் எல்லாவற்றையும் துல்லிய இடக்குறியோடு போடும் பழக்கம் நல்லதல்ல. ஆந்தை பகலில் அமரும் மரம், கழுகு வகைகளின் கூடு, வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கூட்டுக் கூடு இருக்கும் தனி மரம் ஆகியவற்றை இருநூறு பேர் குழுவில் போட்டால் மறுநாள் காலை இருபது கேமரா அங்கே நிற்கும். கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும், காக்கை தூக்கிவிடும்.

இ-பேர்டு சில அரிய, அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். ஆனால் நீங்கள் குழுவில் போட்ட படத்தில் அது மறையாது. செல்பேசியில் எடுத்து ஆவணமாக அனுப்பினால் இடக்குறி படத்தோடு சேர்ந்தே போகும். அனுப்புமுன் நீக்கிவிடுங்கள்.

நாணல்:
இடம் சொல்லாமல் மறைத்தால் புதியவர்கள் எப்படிப் பழகுவார்கள்? பள்ளிக்கரணை பற்றி ஊரே பேசியதால்தான் அதை இன்றைக்குப் பலர் காக்க நினைக்கிறார்கள். 2022-ல் பள்ளிக்கரணை, கரிக்கிலி, வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததற்கும் பல பேர் பல ஆண்டு பார்த்து எழுதிய தரவு உதவியிருக்கிறது. எல்லாவற்றையும் ரகசியமாக்கினால் யாருக்கும் தெரியாமலே ஏரி போய்விடும்.

வடகாற்று:
உங்களோடு முரண்படவில்லை, நாணல். ஏரியின் பெயரை மறைக்கச் சொல்லவில்லை, மரத்தைத்தான் மறைக்கச் சொல்கிறேன். நடு ஏரியில் நிற்கும் இரண்டாயிரம் நீலச்சிறகியின் இடத்தைத் தாராளமாகப் போடலாம், யாரும் நீந்திப் போய்த் தொந்தரவு செய்யப் போவதில்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும் பறவை, கூடு, பகல் உறைவிடம் ஆகிய மூன்றை மட்டும் அந்தப் பருவம் முடிந்தபின் பகிருங்கள், அல்லது ஒன்றியம் அளவில் மட்டும் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் குரல் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம். நடக்கும்போது பறவை தலையை உயர்த்தி இரை தேடுவதை நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள், இன்னும் பத்தடி போனால் எழும்பிவிடும்.

கண்ணி, வலை கண்ணில் பட்டால் படமும் இடக்குறியும் எடுத்து வனத்துறைக்கு மட்டும் அனுப்புங்கள், பொதுக் குழுவில் போடாதீர்கள். போட்டவுடன் வைத்தவருக்கும் செய்தி போய்விடும்.

கானல்:
காலில் வளையமோ கொடியோ தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, கொடியின் நிறம் மேலிருந்து கீழாக, எழுத்து அல்லது எண். இடம் வலம் என்பது பறவையின் இடம் வலம், நம்முடையது அல்ல. முகம் நம்மைப் பார்த்து நிற்கும் பறவையில் இதைத்தான் அதிகம் மாற்றி எழுதுகிறார்கள். கூந்தன்குளம் மாதிரி இடங்களில் வரித்தலை வாத்துக் கூட்டம் பார்த்தால் கழுத்தையும் பாருங்கள், மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகள் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. எழுத்துப் பாதிதான் தெரிந்தால் பாதியை மட்டும் எழுதுங்கள், மீதியை ஊகிக்க வேண்டாம். படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பலாம்.

மதகுக்கரை:
ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பதிந்தபின் சரிபார்ப்பாளரிடமிருந்து ‘விவரம் தர முடியுமா’ என்று மடல் வந்தால் என்ன செய்வது? போன முறை குழுவில் ஒருவர் மனம் நொந்து பதிவையே அழித்துவிட்டார்.

பட்டியல்:
அழிக்கத் தேவையில்லை. அந்த மாவட்டத்தில், அந்த மாதத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் போனால் செயலியே கேள்வி எழுப்பும். சரிபார்ப்பாளர் தன்னார்வலர். அவருக்குத் தெரிய வேண்டியது எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்பது மட்டும். ‘உறுதியாகப் பார்த்தோம்’ என்பது விவரம் ஆகாது. ‘சுமார் அறுபது மீட்டரில், சூரியன் பின்னால், ஸ்கோப்பில் ஐந்து நிமிடம், கால் மஞ்சள்பச்சை, மார்பு சீரான சாம்பல்பழுப்பு, பக்கத்தில் நின்ற கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால்’ என்று எழுதினால் முடிந்தது. கலங்கிய படமானாலும் ஏற்றுங்கள், வால் வடிவமோ இறக்கைக் கோடோ தெரிந்தால் போதும். குறிப்பைக் களத்திலேயே, அடுத்த ஏரிக்கு வண்டி கிளம்பும் முன் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து களப்புத்தகத்தைத் திறந்தபின் எழுதினால் பார்த்தது எது, படித்தது எது என்று பிரிக்க முடியாது.

பிப்ரவரியிலும் நான்கு நாள் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. ஒரு பட்டியலுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் போதும். அதற்குள் தண்ணீர் வடிந்து உள்வாயில் சேறு விரிந்திருக்கும், உள்ளான் கூட்டம் பொங்கலைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். இதே மூன்று இடத்துக்கு, இதே நேரத்துக்கு, இதே வழியில் இன்னொரு முறை போய்ப் பதிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.